பெரிய இன்ஜின் சீக்கிரம் ஆறாது

"ஷோரூம்காரர் வர்ற வரைக்கும் வண்டில சாவியே போடாதே" என்று மச்சான் சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கார் மெக்கானிக். அவர் கை பட்டால் செத்த இன்ஜினும் இருமிக்கொண்டு எழுந்து உட்காரும் என்பார்கள். நானும் சொல்வேன். ஆனால் கெட்டிக்காரத்தனம் வேறு, நாணயம் வேறு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் வேலை. மின்சார அலுவலகத்தில் மீட்டர் திருட்டுப் பிடிக்கிறவன் நான். பதினாறு வருடமாக அடுத்தவன் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வரவேற்றால் மீட்டரின் சீலைப் பார்ப்பேன். டீ கொடுத்தால் சீலோடு ஒயரையும் தொட்டுப் பார்ப்பேன். ஒளித்து இழுத்த ஒயர் உள்ளங்கைக்குச் சூடாகத் தெரியும். வாய் பொய் சொல்லும், சூடு சொல்லாது.

"ஏன் போடக் கூடாது?" என்றேன்.

"அவர் வழக்கம் அப்படி. ராத்திரி பூரா ஆறிக் கெடந்த இன்ஜினைத் தன் கையால ஸ்டார்ட் பண்ணிக் கேப்பாரு. முதல் பத்து செகண்டுதான் அவருக்குக் கணக்கு. அதை வச்சு விலை சொல்லிடுவாரு. சொன்னா சொன்னதுதான், ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல."

அந்தப் பத்து விநாடி எனக்குத் தெரியாததா? எங்கள் கார் மூவாயிரம் சிசி, ஆறு சிலிண்டர். தெருவில் அதற்கு யானை என்று பெயர். ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கின பிறகுதான் யானையைக் கட்டித் தீனி போடுவது என்றால் என்னவென்று பெட்ரோல் பங்கில் நின்று புரிந்துகொண்டேன். போதாக்குறைக்கு ஒரு வருடமாக அதற்கு ஒரு வியாதி. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு கடகடப்பு வரும். பத்து விநாடியில் அடங்கிவிடும். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. உள்ளே இருக்கும் டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்று மச்சானே சொல்லியிருந்தார். ஒரு தடவை ஓடிச் சூடாகிவிட்டால் அன்றைக்கு முழுக்க அந்தச் சத்தம் வரவே வராது.

ஆக, எங்கள் வண்டியின் நோய் தெரியும் ஒரே நேரத்தில் வந்து கேட்கச் சொல்லி ஒருவரைக் கூட்டி வருகிறார் என் மச்சான். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

வேறு அத்தாட்சியும் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் வண்டியை நாலு நாள் தன் பட்டறையில் வைத்திருந்தார். பாலிஷ் போட்டு ஆயில் மாற்றினேன் என்றார். ஆயில் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். சும்மா செய்து கொடுக்கிறவனிடம்தான் அதிகமாகப் பார்க்க வேண்டும் என்பது என் தொழில் விதி. பட்டறைக்குப் போய்வர எட்டு கிலோமீட்டர். வண்டி திரும்பி வந்தபோது முப்பத்தெட்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. மிச்ச முப்பது எங்கே போனது? போன புதன்கிழமை அலுவலக ஜீப்பில் போகும்போது பதில் கிடைத்தது. பட்டறைக்கு எதிரே டீக்கடை வாசலில் மச்சானும் ஷோரூம்காரரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மச்சானின் தோளைத் தட்டிக்கொடுத்தார். வண்டியை முன்கூட்டியே காட்டி, விலையை அடித்துப் பேசி, கமிஷனும் முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். வயிறு எரிந்தது.

எரிந்ததற்குக் காரணம் உண்டு. என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு மாதத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து இடது முழங்கால் போய்விட்டது. இனிமேல் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் டியூட்டி காலை ஆறு மணிக்கு. முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான். நான் கொண்டு விடலாம் என்றால், மின்சாரத் திருடர்கள் விடியற்காலையில்தான் கையும் களவுமாக மாட்டுவார்கள். நாலரைக்கே ஜீப் வந்து என்னை அள்ளிக்கொண்டு போய்விடும். லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை அவள் போகவில்லையென்றால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அந்த ஷோரூமில் கிளட்ச் இல்லாத சின்ன கார் ஒன்று நின்றது. யானைக்கு நியாயமான விலை கிடைத்தால் நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாம். குறைந்தால் மேலே போட எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டது. வண்டி பட்டறைக்குப் போவதற்கு முன்பே இரண்டு ஷோரூமில் ஏறி இறங்கியிருந்தோம். ஒருவன், "இந்த பெட்ரோல் விலைல இதை யாரு சார் வாங்குவா?" என்று பாதி விலை சொன்னான். இன்னொருவன் வண்டியைப் பார்க்க எழுந்துகூட வரவில்லை. கடைசியாக மச்சான் கொண்டுவந்த ஆள்தான் இவர். காதுக்காரர் என்று அந்தத் தொழிலில் எல்லாரும் கூப்பிடுவார்களாம்.

"அண்ணன் சொன்ன மாதிரி விட்டுடுங்க, கையை வைக்காதீங்க" என்றாள் மனைவி, சனிக்கிழமை சாப்பிடும்போது.

"உங்கண்ணன் என்ன, கடவுளா?"

"மெக்கானிக். இந்த விஷயத்துல அது போதும்."

நான் எழுந்து கை கழுவினேன். அண்ணன் தங்கை விஷயத்தில் நடுவில் போகிறவனுக்கு இரண்டு பக்கமும் அடி.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் காதுக்காரர் வருவதாகப் பேச்சு. நான் ஐந்தரைக்கே எழுந்தேன். ஷெட்டின் கதவை மெதுவாகத் திறந்து, பட்டறையிலிருந்து வந்த பிறகு பெட்ரோலுக்குப் பயந்து எடுக்காமலே வைத்திருந்த வண்டியின் உறையை உருவிவிட்டு, உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கடகடப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது. நல்ல வேளை, இன்று வராத நாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் இரண்டாவது தடவை காட்டிக்கொடுத்துவிட்டால்? இருபது நிமிடம் ஓடவிட்டேன். பிறகு அணைத்து, பானெட்மேல் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றித் துடைத்து, உறையைப் பழையபடி மூடினேன். எங்களிடம் முன்பு இருந்த சின்ன கார் ஒரு மணி நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடும். இதற்கு இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு பெரிய காதானாலும் என்ன செய்துவிட முடியும்? காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தேன்.

எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மச்சானும் காதுக்காரரும் வந்தார்கள். காதுக்காரர் ஒல்லியான மனிதர், ஐம்பது தாண்டியிருக்கும். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார்.

"ரோட்டுச் சத்தம் காதைக் கெடுத்துடும். கேக்க வேண்டியதை மட்டும் கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பஞ்சை எடுத்து ஒரு சின்ன டப்பாவில் வைத்தார். மச்சான் பெருமையாக என்னைப் பார்த்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிற முகம் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் சரியில்லை. கால் வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காதுக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்க" என்றார். பானெட்டைத் திறந்தார். சாவி கேட்பார் என்று கையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. குனிந்து, இன்ஜினின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. பதினாறு வருடமாக அடுத்தவர் சுவரில் நான் வைக்கிற கை.

"காலைல வண்டி எடுத்தீங்களா?" என்றார்.

"இல்லையே" என்றேன். வாயில் தயாராகவே இருந்தது.

"பெரிய இன்ஜின் சார். இவ்வளவு இரும்பு. சீக்கிரம் ஆறாது. மத்தியானம் வரைக்கும் சூடு நிக்கும்." நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். டப்பாவைத் திறந்து, பஞ்சை எடுத்து, ஒரு காதில் வைத்தார். பிறகு இன்னொரு காதிலும் வைத்தார். "இனிமே கேக்க ஒண்ணும் இல்ல."

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நொடி காதுக்காரர் பக்கம் திரும்பி, "நான்தான் சார். விடியக்காலைல வந்து ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன். மனசு கேக்கல" என்றார்.

"நீங்களா?"

"செயின் புதுசு சார். மூணு வாரம் முன்னாடி நானே இன்ஜினை எறக்கி மாத்தினேன். முப்பது கிலோமீட்டர் ஓட்டியும் பாத்துட்டேன். புதன்கிழமை உங்ககிட்ட சொன்னேனே."

"சொன்னீங்க. உங்க தோளைத் தட்டிக்குடுத்தேன், அந்த வேலைக்கு. எங்க ஷோரூம் வேலை எல்லாம் உங்களுக்கே குடுக்கலாம்னுகூட நெனச்சேன். ஆனா செயின் புதுசுன்னா எதுக்கு சூடு பண்ணி வைக்கணும்? சொல்லுங்க, எதுக்கு?"

மச்சானிடம் பதில் எப்படி இருக்கும்? பதில் என்னிடம் அல்லவா இருந்தது. அந்த முப்பது கிலோமீட்டரும், காலையில் வராமல் போன கடகடப்பும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. வெண்ணெய் மாதிரி ஓடியதைக் காதால் கேட்டும் நம்பாதவன் நான்.

"அவர் இல்ல" என்றேன். "நான்தான் பண்ணினேன். மச்சானை நம்பல. நீங்க ரெண்டு பேரும் சேந்து விலையை அடிக்கிறீங்கன்னு நெனச்சேன். கமிஷன் பேசியாச்சுன்னு நெனச்சேன். தப்பு என்னோடது. நாளைக்கு ஒரு தடவை வாங்க சார். நான் தொடவே மாட்டேன். சாவியை இப்பவே எடுத்துட்டுப் போங்க."

காதுக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

சொன்னேன்.

"ஒரு வீட்டுல சீல் உடைஞ்சிருக்கு. அவங்க ஒரு காரணம் சொல்றாங்க. உண்மையாவும் இருக்கலாம். விட்டுட்டு வந்துடுவீங்களா?"

"இல்ல."

"அவ்வளவுதான். பில்லு, பழைய செயின்னு யாரு வேணும்னாலும் காட்டலாம். சூடு பண்ணின வீட்டுக்கு நான் ரெண்டாவது தடவை போறதில்ல. போனா அப்புறம் ஊர்ல எல்லாரும் சூடு பண்ணுவாங்க." செயின் தேய்ந்த வண்டிக்கு என்ன விலையோ அதைச் சொன்னார். நாங்கள் நினைத்திருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சின்ன கார் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. "யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மச்சான் தன் பையைத் திறந்து, பேப்பரில் சுற்றின ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஆயில் ஊறிக் கறுத்திருந்தது. பானெட்டை மூடி, அதன்மேல் பிரித்து வைத்தார். பழைய செயின். அதோடு பில்லும் இருந்தது.

"பழைய செயின் எங்க, பில்லு எங்கன்னு என்னைக்காவது நீ கேப்பேன்னு எடுத்து வச்சிருந்தேன் மாப்ள" என்றார். பையை மாட்டிக்கொண்டு, தங்கையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

பில்லில் என் மனைவியின் பெயர் இருந்தது.

"உன் காசா?"

"என் வளையல்" என்றாள். "உங்ககிட்ட சொன்னா, செயின் நெஜமாவே போச்சா, அண்ணன் காசு பாக்குறாரான்னு பத்து கேள்வி கேப்பீங்க. நாலு பட்டறையில வெசாரிப்பீங்க. அதுக்குள்ள என் லீவு முடிஞ்சிடும். வண்டியை வித்த அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"காலைல நான் ஸ்டார்ட் பண்ணினது..."

"படுத்துக்கிட்டுக் கேட்டேன். கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கல. ஓடி வந்து நிறுத்த என்னால முடியுமா?"

அவள் கத்தியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். உள்ளே போய்ச் சீருடையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமைக்குச் சீருடை மட்டும் தயாராக இருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போன் செய்து ஜீப்பை வர வேண்டாம் என்றேன். அந்த ஒரு நாளாவது நானே கொண்டு விடலாம் என்று ஷெட்டுக்குப் போய் உறையை எடுத்து ஸ்டார்ட் செய்தேன். இரவு முழுக்கக் கிடந்து, இரும்பு ஜில்லென்று ஆறியிருந்தது. ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று எண்ணினேன். பத்து வரை எண்ணினேன். ஒரு கடகடப்பும் இல்லை. நூல் பிடித்தது போல ஓடியது. இதைக் கேட்டிருந்தால் அந்த மனிதர் முழு விலையும் கொடுத்திருப்பார்.

வாசலில் ஹாரன் கேட்டது. மச்சானின் பட்டறை வேன். முன்சீட்டில் தங்கை ஏறுவதற்காக ஒரு மரப்பலகையைப் படி மாதிரி அடித்து எடுத்து வந்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. தினமும் இந்த நேரத்துக்கு வந்துவிடுவதாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் கொண்டு விடறேனே" என்றேன்.

அவள் ஒரு கையால் கதவைப் பிடித்து, பலகைமேல் காலை வைத்து ஏறி உட்கார்ந்தாள். ஷெட்டுக்குள் யானை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"நல்லாத்தான் ஓடுது" என்றாள். "இப்ப யாரு கேக்கணும்னு ஓடவிட்டிருக்கீங்க?"

வேன் கிளம்பிப் போனது. நான் உள்ளே போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.