கொடை வாங்காத சாமி

மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிக்கொண்டிருந்தபோது பிருந்தா அக்கா என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தாள். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. சித்திரை பிறந்துவிட்டால் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் ஒட்டுகிற கொடைவிழா நோட்டீஸ்தான். ஆனால் நடுவில் மாடனும் இல்லை, அம்மனும் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரின் புகைப்படம் இருந்தது. தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்திருந்தார்கள். கீழே, ‘அருள்மிகு வாத்தியார் சாமி, முதலாம் ஆண்டு கொடை.’

“யாருக்கா இது?”

“எங்க அப்பா.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் அப்பா குமரகுருபரனைப் பற்றி எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பாளையங்கோட்டையில் நாங்கள் படிப்பது வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் வகுப்பு. நான் பகலில் கங்கைகொண்டானில் ஓர் ஆலையில் தரம் பார்க்கிறவள். பிருந்தா அக்கா மின்வாரியத்தில் வேலை பார்க்கிறாள். வகுப்புக்காக அவள் எழுதிக்கொண்டிருந்தது அப்பாவின் வரலாறு. அவர் ஏரலுக்கு மேற்கே, ஆற்றோரம் இருக்கும் மேலப்படுகையில் தலைமையாசிரியராக இருந்தவர். டீக்கடையில் இரண்டு விதக் குவளை வைத்திருந்ததை நிறுத்தினார். சாதிக்கொரு படித்துறை என்றிருந்ததை ஒரே படித்துறை ஆக்கினார். கொடையில் கிடா வெட்டுவதை நிறுத்தினார். சாமியாடுகிறவர்கள் முன்னால் போய் நின்று, “சாமி, ஏழாம் வாய்ப்பாடு சொல்லும், பாப்போம்” என்பாராம். சாமி திணறும். ஊர் சிரிக்கும். கடைசியில் மணல் லாரிகளோடு மோதினார். நான்கு வருடத்துக்கு முன், விடிகாலையில், ஆற்றுத் திருப்பத்தில் ஒரு லாரி அவரை அடித்துப்போட்டது. எந்த லாரி என்று கண்டுபிடிக்கவே இல்லை.

“விழுந்த எடத்துல யாரோ வெளக்கு வச்சிருக்காங்க. பொறவு பீடம் கட்டிட்டாங்க. இப்போ கொடை. முதல் கொடையை வாங்கிட்டா சாமி நிலைச்சிரும்பாங்க ஜெர்லின். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. அப்பாவுக்குக் கிடா வெட்டப் போறாங்க. எங்க அப்பாவுக்கு! நீயும் கூட வா.”

“நான் வந்து என்ன செய்யட்டும்கா?”

“கூட நில்லு. நடக்கறத எழுது. நீதான் எதையும் சந்தேகப்பட்டுட்டே எழுதுவே.”

உண்மைதான். கண்டதையும், கண்டதாக நினைப்பதையும் பிரித்து எழுதுவதுதான் என் பழக்கம். கொடையன்று அது எல்லா இடத்திலும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏரலில் இறங்கி வேறு பஸ் பிடித்து மேலப்படுகைக்குப் போனோம். வாழைத்தோட்டங்களைத் தாண்டியதும் வில்லுப்பாட்டு கேட்டது. ஒலிபெருக்கியில் புலவர் வாத்தியாரின் பிறப்பைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் பிறந்த அன்று பொருநை மூன்று நாழிகை எதிர்த்து ஓடியதாம். வானத்தில் மணி அடித்ததாம்.

“ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில பொறந்தாரு” என்றாள் அக்கா. “மணி அடிச்சிருக்கும். பார்வையாளர் நேரம் முடிஞ்சிருக்கும்.”

ஆற்றுத் திருப்பத்தில், மருத மரங்களுக்கு நடுவே பீடம் இருந்தது. இடுப்பு உயரம். வெள்ளையடித்து, காவிப்பட்டை தீட்டி, மேலே குறுகிக்கொண்டே போய் ஒரு குமிழில் முடிந்தது. குமிழில் மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தார்கள். இடது பக்கம் உடைந்திருந்தது. முன்னால் சாக்பீஸ் டப்பாக்கள், சிவப்பு மைப் பேனாக்கள், ஒரு பிரம்பு, ஃபிளாஸ்கில் சுக்குக்காப்பி.

அக்கா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அது அப்பாவோடதுதான். போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்த சாமான்ல கண்ணாடி மட்டும் இல்ல. நாங்க அன்னைக்கு எவ்வளவு தேடினோம் தெரியுமா?”

கொடைக் கமிட்டித் தலைவர் அருமைநாயகம் தோளில் துண்டோடு ஓடி வந்தார். பலசரக்குக் கடைக்காரர், வாத்தியாரிடம் படித்தவர்.

“வாங்க தாயி, வாங்க. சாமி மக வராம கொடை எப்படி நடக்கும்னு இப்பந்தான் சொல்லிட்டு இருந்தேன்.”

“அண்ணாச்சி, இதை எடுத்திருங்க.”

“எத?”

“பீடத்தை. கிடாவையும் அவுத்து விடுங்க. அவரு இதுக்கா ஒங்களுக்குப் பாடம் எடுத்தாரு?”

அருமைநாயகத்துக்குக் கோபம் வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையப் பேசினார்.

“தாயி, வாத்தியாரு உசுரோட இருந்தப்ப எத்தன மனு எழுதினாரு? கலெக்டருக்கு, மந்திரிக்கு... ஒரு லாரி நின்னுச்சா? இப்பம் பாருங்க. ரெண்டு டிரைவர் இந்தத் திருப்பத்துல பாத்திருக்கான். கண்ணாடி போட்ட ஒரு ஆளு கைய நீட்டி மறிக்காராம். வண்டி தானா அணைஞ்சிருதாம். பொங்கலுக்குப் பொறவு ஒருத்தனும் மணல் அள்ள வரல. மனுசனா இருந்து முடியாதத சாமியா இருந்து செய்யுதாரு. அதைப் போயி எடுங்கிய?”

அக்கா அவரைத் தாண்டிப் பார்த்தாள். ஆறு அவருக்குப் பின்னால் முழங்கால் தண்ணீரோடு, மணல் மேடு மேடாக, அமைதியாகக் கிடந்தது.

“லாரிக்காரன் பயந்து நிக்கான் அண்ணாச்சி. பயமுறுத்தறதா அவரு வேலை?”

“நீங்க படிச்சவுக. ஒண்ணு செய்வோம். சாமி இப்பம் வந்திரும். அவருகிட்டயே கேட்டிருவோம். அவரு வேண்டாம்னா நான் ஏன் வேணும்ங்கேன்?”

“நான் யாருகிட்டயும் கேக்க மாட்டேன்” என்றாள் அக்கா.

உச்சிக்கொடைக்கு மேளம் வேகம் பிடித்தது. மருத மரத்து நிழல் அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டது. சாமியாட நின்றவள் கோமு. வாழையிலை அறுக்கப் போகிறவள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை என்று அக்கா சொன்னாள். மணல் மறியலில் மட்டும் வாத்தியார் பின்னால் கொடி பிடித்து நின்றிருக்கிறாளாம். நான் பிறந்த கடற்கரை ஊரில் பேய் பிடித்தவர்கள் கோயில் முற்றத்தில் தலைவிரித்து அலறுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

கோமு அலறவில்லை. மேளத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மேளம் நின்றது. முகத்திலிருந்து எதையோ கழற்றி, சேலை முந்தியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டாள். அவள் கையில் ஒன்றுமில்லை. பிறகு இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்தின் முன்னால் மேலும் கீழும் நடந்தாள். பிருந்தா அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

கோமு பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். தாழ்ந்த, அலுப்பான குரல். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நரைத்த தலை, “உள்ளேன் ஐயா” என்றது. யாரும் சிரிக்கவில்லை. பேத்தியை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி கூட நேராக நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“மாசானம்.”

பதில் இல்லை.

“மாசானம்!”

“அவன் போன ஐப்பசில ஆத்தோட போயிட்டான்யா” என்றது ஒரு குரல்.

கோமு அடுத்த பெயருக்குப் போகவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றாள். அப்போது ஆற்றுப் பக்கமிருந்து, “உள்ளேன் ஐயா” என்று கேட்டது. பக்கத்தில் நின்றவர்களும் திரும்பியதால்தான் இதை எழுதுகிறேன். நான் மட்டும் கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அங்கே தண்ணீரும் ஒரு கொக்கும்தான் இருந்தன.

அக்கா என் கையை உதறிவிட்டு முன்னால் போனாள்.

“கோமு அக்கா, போதும். ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க. சொல்லிட்டா ஒத்துக்கிடுதேன்.”

கூட்டத்தில் இரண்டு பேர் மெல்லச் சிரித்தார்கள். கோமு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கேள்வி கேக்கது நான்லா? நீ சொல்லு, பாப்போம்.”

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா வீட்டில் அப்படித்தான் சொல்வார் என்று அவள் முன்பு ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் எந்த வாத்தியாரும் அப்படிச் சொல்லக்கூடும்.

கோமு பீடத்தின் பக்கம் திரும்பினாள். “இது என்னதுலே?”

“ஒங்களுக்குத்தான்யா” என்றார் அருமைநாயகம்.

“என்னைய எதுக்கு இங்கன உக்கார வச்சிருக்கிய? இடிச்சுப் போடுங்க.”

அருமைநாயகம் முதலில் சுதாரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வாக்கு மாறாத மனிதர்.

“தாயி, நீங்க கேட்டது கெடச்சிட்டு. சாமியே உத்தரவு குடுத்திட்டாரு. ஆனா மக சம்மதம் வேணும். அவரு கையால துன்னூறு வாங்கிப் பூசிக்கிடுங்க. இப்பமே கடப்பாறைய எடுக்கோம்.”

கோமு ஒரு சாக்பீஸை எடுத்து உள்ளங்கையில் நசுக்கினாள். வெள்ளைத் தூளோடு கையை நீட்டினாள்.

அக்கா நெற்றியைக் காட்டினால் போதும். கிடா பிழைக்கும், பீடம் போகும். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் குனிந்திருப்பேன். அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

“இல்ல” என்றாள். “எங்க அப்பா செத்துட்டாரு. நாந்தான் கொள்ளி வச்சேன். செத்தவரு யாருக்கும் உத்தரவு போட மாட்டாரு. அவரு சொல்லுதாருன்னு இடிக்காதீங்க. நான் சொல்லுதேன், அதுக்காக இடிங்க. ஒரு மனுஷி நின்னு கேக்குதேன், ஒங்களுக்குக் காது இல்லையா?”

கோமுவின் கை தானாகக் கீழே இறங்கியது. சாக்பீஸ் தூள் உதிர்ந்தது. அவள் நாலா பக்கமும் பார்த்தாள். பிறகு தன் சொந்தக் குரலில், “தண்ணி குடுங்கட்டி” என்று கேட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். குவளையைப் பற்றி, படித்துறையைப் பற்றி. குரல் ஏறிக்கொண்டே போனது. உடம்பு நடுங்கியது. கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அது கோபம். கோபத்தில் அவள் நடுங்குவதை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் கைகள் எப்போது முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன என்று எனக்குத் தெரியவில்லை. உறுமிக்காரன், யாரும் சொல்லாமலே, மெல்ல இழுக்க ஆரம்பித்தான்.

“மாறிட்டாரு” என்றாள் ஒரு கிழவி. “மக மேல எறங்கிட்டாரு.”

பெண்கள் குலவையிட்டார்கள்.

“நான் பிருந்தா!” என்று கத்தினாள் அக்கா. “நான் பிருந்தாதான்! எவனும் எறங்கல!”

அவள் கத்தக் கத்தக் கூட்டம் கும்பிட்டது. அருமைநாயகம் சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “உத்தரவு சாமி.”

கடப்பாறைகள் வந்தன. செங்கல் நொறுங்கியது. கிடாவை அவிழ்த்து விரட்டினார்கள். உடைந்த கண்ணாடியை ஒருவர் இலையில் ஏந்திக்கொண்டு வந்து அக்காவின் காலடியில் வைத்தார். கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் ஊர் எங்கள் பின்னால் வந்தது. பத்தடி தள்ளியே வந்தது. கண்ணாடியை அக்கா கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“இது நல்லபடியா முடிஞ்சிச்சின்னு எழுதுவியா?” என்று கேட்டாள்.

“தெரியலக்கா.”

நிறுத்தத்தில் ஒரு நடுவயதுக்காரி மருமகளை அழைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வயிற்றில் எட்டு மாதம் இருக்கும். அந்தப் பெண்ணின் முகமும் காலும் ஊதியிருந்தன. வெளிச்சம் பார்க்க முடியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

“நர்ஸம்மா ஒடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவச் சொல்லுதா. இவ தலவலி, கண்ணு மங்குதுன்னு சொல்லுதா. கொடையில வாக்கு கேட்டுட்டுப் போவலாம்னு நேத்துலேந்து வச்சிருக்கோம். சாமி சொல்லணும்.”

“நேத்துலேந்தா?” அக்கா பதறிப்போனாள். “ஆட்டோ புடிங்க. இப்பமே போங்க.”

மாமியார்க்காரி நகரவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“அத நீங்க சொல்லுதியளா, வாத்தியாரு சொல்லுதாரா?”

அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் வீங்கிய பாதங்களைப் பார்த்தாள். “நான்...” என்றாள். நிறுத்தினாள். நிமிர்ந்தாள். கைகள் பின்னால் போயின. பிறகு வந்த குரல் தாழ்ந்து, அலுத்துப்போயிருந்தது. அதில் அவசரமே இல்லை.

“வாத்தியாருதான் சொல்லுதேன். கூட்டிட்டுப் போ.”

அவர்கள் ஓடினார்கள். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் நடித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன். நடிக்க அவளுக்குக் காரணம் இருந்தது. நல்ல காரணம். ஆனால் ஆட்டோ போன பிறகும் அவள் கைகளைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. “அக்கா” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. “பிருந்தாக்கா” என்றேன். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

ஏரலில் மாறி, திருநெல்வேலி பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரும்வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.