அரை வோல்ட் போதாது

சர்க்யூட் நான் போட்டது. அதனால் தப்பு வயரில்தான் இருக்கும் என்று நெல்லிவாசல்நாட்டு மலைக்கு ஜீப் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

துணை சுகாதார நிலையத்தின் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் சோலார் பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி இறங்கினால் ஃப்ரிட்ஜை நிறுத்தவும், ஏறினால் ஓடவிடவும் ஒரு போர்டு. அது ஃப்ரிட்ஜை நிறுத்துவதும் உடனே ஓடவிடுவதுமாக டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் புதன், ஊசி நாள். சரியாகாவிட்டால் நாலு மணி ஜீப்பில் மருந்தெல்லாம் மலையிறங்கிப் போய்விடும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவரும் தாய்மார்கள் சும்மா திரும்ப வேண்டும்.

நான் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாணியம்பாடிக் கடையில் என்னோடு வேலை செய்யும் தங்கை ஷாஸியாவோ நேராக நர்ஸ் செவ்வந்தியிடம் போனாள்.

“நீங்க இன்னா பாத்தீங்க சிஸ்டர்?”

அவரைக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. செவ்வந்தி வெப்பநிலைப் பதிவேட்டை நீட்டினார். ஓரத்தில் பென்சில் எழுத்து: நிற்கும்போது 11.0, நின்றதும் 11.9. பேட்டரி மீட்டரைப் பதினேழு தடவை பார்த்து எழுதியிருந்தார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

“அண்ணே, கம்ப்ரஸர் நின்னா பேட்டரி தானா ஒரு வோல்ட்டு கிட்ட ஏறுது. நீ வுட்ட இடைவெளி அரை வோல்ட்டு. உடனே கெளம்பாம இன்னா பண்ணும்?”

சுருக்கென்றது. நிற்கும் அளவுக்கும் கிளம்பும் அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு ரெசிஸ்டர்தான் தீர்மானிக்கிறது. கடை மேஜையில் புதுப் பேட்டரியை வைத்துப் பார்த்து ஒரு மெகா ஓம், அதாவது 1000K, போட்டவன் நான். மதிப்பைக் குறைத்தால் இடைவெளி அகலும். பெரிய மதிப்பில் பையில் 680K மட்டுமே இருந்தது. ஷாஸியா இரண்டை இணையாக வைத்தாள். மதிப்பு பாதியாகி 340K, கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் இடைவெளி. நான் சால்டரிங் அயர்னை எடுத்தேன்.

“இரு. இத மட்டும் மாத்துனா நிக்கிற அளவும் எறங்கிடும். பேட்டரி செத்துடும்.”

நிற்கும் அளவு 11.0லேயே இருக்க, கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரையும் 27K ஆக மாற்றினாள். மனக்கணக்கு! எனக்குப் பொறாமைகூட வரவில்லை, பெருமைதான் வந்தது.

சோலார் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி இறங்கக் காத்திருந்தோம். 11.0. டக். மீட்டர் 11.9க்கு ஏறியது. இரண்டாவது டக் வரவேயில்லை. வயரை மாட்டினோம். 12.5 வந்ததும் ஒரே ஒரு டக், கம்ப்ரஸர் சீராக ஓடியது.

நாலு மணிக்கு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. செவ்வந்தி வாசலுக்குப் போய் டிரைவரிடம் சொன்னார்.

“மருந்து எங்கியும் போவல. நீ போய்ட்டு காலைல புள்ளத்தாச்சிங்களயும் கொழந்தைங்களயும் ஏத்தினு வா.”