றேமண்டுக்காகப் போட்ட கோடுகள்

றேமண்டின் கால்கள் பெரும்பாலும் குளியலறை வாசலில்தான் நின்றுபோயின. படுக்கையறையிலிருந்து ஒருவாறு நடந்து வருவார். வாசலை நெருங்கியதும் இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. கொழும்புத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், சிறுநீரை அடக்க முடியாமல் வாசலிலேயே நனைந்து நிற்பார். மனைவி ரூபிகா துணியோடு குனியும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

பார்க்கின்சன் நோய். மருந்தைக் கூட்டிப் பார்த்தார்கள், மாற்றிப் பார்த்தார்கள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. கால் ஒட்டிக்கொள்வது நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து ஜம்பட்டா வீதியைக் கடக்க வேண்டியிருந்தது. நடைபாதை விளிம்பில் வழமைபோல் கால் ஒட்டிக்கொண்டது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். றேமண்ட் தலையைக் குனிந்து பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கடவையின் முதல் பட்டையைப் பார்த்தார். அதன்மேல் காலைத் தூக்கி வைத்தார். அடுத்த பட்டை, அதற்கடுத்த பட்டை. நோய் வருவதற்கு முந்திய றேமண்ட் போலவே வீதியைக் கடந்து மறுபக்கம் போய் நின்றார். அங்கே பட்டை இல்லை. திரும்பவும் ஒட்டிக்கொண்டது.

கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் ரூபிகா இதைச் சொன்னாள்.

"ஓம், சில பேருக்குக் கோடு உதவும்," என்றாள் அவள். "ஆனா எவ்வளவு காலத்துக்கெண்டு சொல்லேலாது. மற்றது, குனிஞ்சே நடந்தா முன்னுக்கு விழுந்திடுவார். நிமிர்ந்து பார்க்கப் பழக்குங்கோ."

ரூபிகாவுக்கு முதல் வசனம் மட்டும்தான் காதில் தங்கியது. வீட்டுக்கு வந்து குளியலறையைப் பார்த்தாள். நீளமான, ஒடுங்கிய அறை. ஒரு முனையில் கதவு, மறுமுனையில் கொமட். தரையில் நாணயம் அளவுச் சின்னக் கற்கள். சுவரில் வேறு அளவு டைல். கண் பிடித்துக்கொள்ள ஒரு கோடுகூட அங்கே இல்லை.

அடுத்த கிழமை கிராண்ட்பாஸிலிருந்து டைல் பதிக்கும் மேசன், ஜீவராஜ் என்ற பாஸ் வந்தான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவன்.

"தரைக்கு வெள்ளை டைல், டைலுக்கு டைல் இடைவெளியில கறுப்புப் பூச்சு," என்றாள் ரூபிகா. "தரையில வாற ஒவ்வொரு குறுக்குக் கோடும் அப்படியே ரெண்டு பக்கச் சுவரிலயும் ஏற வேணும். இவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாலும் கால் எங்க வைக்கிறதெண்டு தெரிய வேணும்."

"அப்புடிச் சேராதுங்கக்கா. தரைய நாங்க கதவுலருந்து தொடங்குவோம், சுவத்த உள் மூலைலருந்து தொடங்குவோம். வெட்டுன துண்டு வர்ற எடம் மாறும். அதெல்லாம் யாருங்க பாக்கப்போறா?"

"இவர் பார்ப்பார், தம்பி."

ஜீவராஜ் அறைக்குள் போய் அளந்துவிட்டு வந்தான். "ரெண்டையும் கதவுலருந்தே தொடங்கலாம். ஆனா கடைசி மூலைல ரெண்டு வெரல் அகலத்துக்குத் துண்டு விழும். அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும்."

இன்னொரு சிக்கலும் வந்தது. வாங்கி வந்த பெட்டிகளில் தரை டைலுக்கும் சுவர் டைலுக்கும் ஒரே அளவுதான் எழுதியிருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவர் டைல் ஒரு நூல் அளவு சின்னது. கதவடியில் சேரும் கோடு உள்ளே போகப் போக விலகிவிடும். சுவரின் இடைவெளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டும் என்றான். சீமெந்து போடுமுன் தரை டைல்களை வெறுமனே பரப்பி, சுவரில் பென்சிலால் கோடு இழுத்துக் காட்டினான்.

"இவர் ஒருக்கா நடந்து பார்க்கட்டும்," என்றாள் ரூபிகா.

"ஐயோ, டைல் ஆடுங்கக்கா. ஒடைஞ்சிரும்."

"உடைஞ்சா வேற வாங்குவம்."

றேமண்டைக் கூட்டி வந்தார்கள். ஜீவராஜ் ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டான். றேமண்ட் முதல் இடைவெளியைப் பார்த்தார். கால் எழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. டைல்கள் காலடியில் கடகடத்தன. பாதி வழியில் தலையை நிமிர்த்தி, சுவரிலிருந்த பென்சில் கோட்டைப் பார்த்து அடுத்த காலை வைத்தார்.

"விடுங்கோ," என்றார் ஜீவராஜிடம். அவன் கையை எடுத்தான். றேமண்ட் தனியாகச் சுவர்வரை போய், அங்கேயே நின்று சிரித்தார். ரூபிகா ஹோலுக்குப் போய் அழுதுவிட்டு வந்து தேத்தண்ணி போட்டாள்.

வேலை முடிந்த பிறகு அவர் தானாகவே போய் வந்தார். கதவைக்கூடப் பூட்டிக்கொண்டார். ரூபிகா வெளியே நின்று, தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். படுக்கையறையிலிருந்து வரும் வழிக்கும் கறுப்பு டேப் ஒட்டினாள். விருந்துக்கு வந்தவர்களிடம் றேமண்ட் குளியலறையைத் திறந்து காட்டினார். மூலையில் இருந்த துண்டு டைலைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தபோது றேமண்டும் ரூபிகாவும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது, ஒரு காலை அவர் வாசலில் நின்றுவிட்டார். ரூபிகா பின்னால் வந்தாள்.

"கோட்டைப் பாருங்கோ."

"பார்க்கிறன்."

"அதில வையுங்கோ."

"தெரியுது ரூபி. நல்லாத் தெரியுது. கால்தான் கேக்குதில்ல."

அவள் முழந்தாளிட்டு அவருடைய பாதத்தைக் கையால் தூக்கிக் கோட்டின்மேல் வைத்தாள். பிறகு மற்றப் பாதத்தை. அப்படியே உள்ளே கொண்டுபோனாள். அடுத்த நாளும் அப்படித்தான். கறுப்பு மங்கிவிட்டதோ என்று பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு இடைவெளியையும் தேய்த்துக் கழுவினாள். ஜீவராஜுக்குப் போன் எடுத்து, கோடுகளை இன்னும் அகலமாக்க முடியுமா என்று கேட்டாள்.

"ஆக்கலாங்க," என்றான். பிறகு, "ஐயாவுக்கு ஏலாமப் போச்சுங்களா?" என்று கேட்டான்.

அவள் போனை வைத்தாள்.

கிளினிக் டொக்டர் புதிதாக எதையும் சொல்லவில்லை. இந்த நோய் இப்படித்தான் போகும் என்றார். மருந்துச் சீட்டில் பழையதையே எழுதினார்.

அதன் பிறகு ஒரு மத்தியானம், ரூபிகா கடைக்குப் போயிருந்த நேரத்தில், றேமண்ட் தனியாக எழுந்து குளியலறைக்குப் போகும்போது விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பேச்சும் குறைந்தது. சொல்ல வந்த சொல் உதட்டில் வந்து நின்றுவிடும்.

இப்போது ரூபிகா காலையில் கேத்திலில் தண்ணீர் சுடவைத்து, பேசினில் கலந்து கட்டிலடிக்குக் கொண்டுவருகிறாள். துணியைப் பிழிந்து அவருடைய கழுத்தை, அக்குளை, மெலிந்துபோன தொடைகளைத் துடைக்கிறாள்.

"சூடு கூடவா இருக்கு?"

அவர் அவளையே பார்க்கிறார். பதில் வருமென்று அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். வரவில்லை. தண்ணீர் ஆறுவதற்குள் மற்றப் பக்கத்தையும் துடைக்க வேண்டியிருக்கிறது.