பதில் அனுப்பப்பட்டது

பதினெட்டு வினாடிக் குரல் செய்தி அது. மழைக்கால அவசர உதவிக்கான எங்கள் மாநகராட்சி அலுவலக வாட்ஸ்அப் எண்ணுக்கு வந்திருந்தது. எங்கள் மேலதிகாரி உஷா மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"நீலசந்திரா ஏரியாங்க, பால்வாடி பக்கத்து சந்து. வீட்டுக்குள்ள முட்டிக்கு மேல தண்ணி. அப்பா படுத்த படுக்கையா கெடக்கறாரு, என்னால தூக்க முடியல. யாராச்சும் சீக்கிரம் வாங்க."

"யாரிகாதரூ தமிழ் பருத்தா?" தமிழ் யாருக்காவது தெரியுமா என்று மேடம் கன்னடத்தில் எல்லோரையும் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் புரிந்த நான், கம்ப்யூட்டர் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று சொந்த ஊர் கோலார் என்றேன். லவினா என்கிற நான் கன்னடக்காரி என்று ஆபீசில் அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். சௌகரியமாக இருந்தது, விட்டுவிட்டேன். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர், வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்பதையெல்லாம் நாலு மாதம் மூடி வைத்தவள், இப்போது எந்த முகத்தோடு கையைத் தூக்குவது? வேறு யாருக்காவது தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன சாமர்த்தியம்!

மேடம் அதை வேறு பிரிவில் தமிழ் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினார். எங்கள் வழக்கப்படி ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பதில் போயாக வேண்டும். நான்தான் அனுப்பினேன்: 'வார்டு எண், முகவரியை டைப் செய்து அனுப்பவும்.' அதுவும் ஆங்கிலத்தில். பிறகு எங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் பதிவு போட்டேன்: 'இதுவரை வந்த எல்லாச் செய்திகளுக்கும் பதில் அனுப்பப்பட்டது.' முந்நூறு லைக் விழுந்தது.

அந்தத் தமிழ் தெரிந்தவர் கேட்டுச் சொல்லி, மீட்பு வண்டி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் மேடத்தோடு அந்த வீட்டுக்குப் போனேன். செய்தி அனுப்பிய தமயந்தி என்ற அந்தப் பெண், முழுகிய கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் தலையை அவ்வளவு நேரமும் தோளில் தாங்கியிருக்கிறாள். பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைத்துக்கொள்வாராம். அவளால் வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் டீ கொடுக்க நேர்ந்ததற்கு எங்களிடம் கன்னடத்தில் மன்னிப்பு வேறு கேட்டாள்.

பிறகு பக்கத்து வீட்டு அம்மாளிடம் தமிழில் சொன்னாள்: "இவங்கள சொல்லி என்னக்கா? அங்க தமிழ் தெரிஞ்சவங்க யாருமே இல்ல போலருக்கு. பாவம், அவங்கதான் என்ன பண்ணுவாங்க?"

அந்தப் 'பாவம்' என்னைக் கூசிப்போக வைத்தது.

"எனக்குத் தமிழ் தெரியும்க்கா," என்றேன். "நீங்க பேசுனத நேத்தே கேட்டேன். எல்லாமே புரிஞ்சுது."

என் வாயிலிருந்து தமிழ் வந்ததும் உஷா மேடம் சட்டென்று திரும்பினார். தமயந்தி என்னைத் திட்டியிருக்கலாம்.

"அப்பறம் ஏம்மா?" என்று மட்டும் கேட்டாள்.