எச்சில் மாத்து

"இன்னைக்கு எச்சில் மாத்து வேண்டாம் வே," என்றார் மந்திரமூர்த்தி.

காஜா முகைதீன் சிரித்தார். "ஏம் வே, மாமனாராகப் போறீருன்னதும் வெக்கம் வந்துட்டோ? அதுக்குத்தானவே நம்மளக் கூப்பிடுதாங்க."

மெய்தான். மவுத் ஆர்கன்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு வாசிக்கிற கூட்டம் நெல்லைச் சீமையில் இவர்களுடையது ஒன்றுதான். மேலப்பாளையத்துத் தறிக்காரர் காஜாவிடம் மெட்டு வாசிக்கும் சின்னது. இளையவன் பலவேசத்திடம் பல சுரங்களைச் சேர்த்து ஊதும் முழநீளக் கட்டை. மந்திரமூர்த்தியிடம் தவளைக் குரலில் தாளத்தைத் தாங்கும் பேஸ். கடைசிப் பாட்டில், ஆட்டம் நிற்காமலே, ஒருவர் வாயிலிருந்து எடுத்ததை அடுத்தவர் வாங்கித் துடைக்காமல் வாசிக்க வேண்டும். சாதிக் கலவரத்தில், பஸ்ஸில்கூட ஊர்ப்பேர் விசாரித்துப் பக்கத்தில் உட்கார்ந்த தொண்ணூற்றைந்தாம் வருஷம் அது. மூன்று வீட்டு எச்சிலும் ஒன்றாகிற அந்த இடத்தில் சனம் விசிலடித்துத் தீர்த்துவிடும்.

முந்தாநாள்தான் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, காசநோய் என்றார். "உம்ம எச்சி யாருக்கும் ஆகாது, பாத்துக்கிடும்."

வருகிற புதன்கிழமை மகள் நித்யாவுக்கு நிச்சயம். அப்பனுக்கு இந்த நோய் என்று காதில் விழுந்தால், மாப்பிள்ளை வீட்டுத் திசையன்விளைக்காரர்கள் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். காஜாவிடம் மட்டுமாவது சொல்லலாம். ஆனால் பாவம் அந்த மனுஷனுக்கு, எதையும் பெண்சாதி ஹமீது பீவியிடம் சொல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது.

அன்று வாசிக்கப் போன கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைத் தோழர்கள் வேட்டியை மடித்துக் கட்டி ஆடினார்கள். கடைசிப் பாட்டு வந்தது. காஜா தன்னுடையதைப் பலவேசத்திடம் கொடுத்துவிட்டு, பேஸுக்குக் கை நீட்டினார். மந்திரமூர்த்தி அதை மார்போடு அணைத்துக்கொண்டார். தாளம் அறுந்தது. ஆடிய கால்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"தாரும் வே," என்றார் காஜா, சிரிப்பு மாறாமல்.

"இல்ல."

"அண்ணாச்சிக்கு இன்னைக்குத்தாம்லே சாதி ஞாபகம் வந்திருக்கு!" என்று கீழேயிருந்து எவனோ கத்தினான்.

நீட்டிய கை மெல்ல இறங்கியது.

மேடைக்குப் பின்னால் டீ வந்தது. "சம்பந்தம் பெரிய இடம்லா. இனிமே நம்ம எச்சி அவருக்கு ஆகுமா?" என்றான் பலவேசம்.

"விடுலே," என்றார் காஜா. பிறகு, தன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "வெவரத்த முன்னமே சொல்லிருக்கலாம்லா, அண்ணாச்சி," என்றார்.

பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் காஜா அவரை அண்ணாச்சி என்றது அதுவே முதல் தடவை.

புதன்கிழமையாவது மண்ணாவது என்று நோயைச் சொல்லிவிட வாயைத் திறந்தார் மந்திரமூர்த்தி. இருமல் முந்திக்கொண்டது. துண்டை வாயில் அழுத்தி, சுவர்ப் பக்கம் திரும்பிக் குனிந்தார். பின்னாலிருந்து பார்க்க, தோள் குலுங்க அவர் சிரிப்பதுபோல் இருந்தது.