பின்சில்லுகள் இரண்டு

சனிக்கிழமை காலை. ஜெர்மனியின் வுப்பர்டாலில் பனி கணுக்காலளவு கிடந்தது. ஜேசுரட்ணம் வீட்டு வாசலில் நின்று வேனின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இறைச்சிக் கறிச் சட்டி, கட்லெட் பெட்டிகள், ஒரு மாலை, சட்டம் போட்ட ஒரு படம்.

படத்தில் இருந்தவள் றீற்றா. அவருடைய அண்ணனின் மகள். டிசம்பர் தொடக்கத்தில் நோயில் இறந்துபோனாள். இருபத்தெட்டு வயது. இன்று அவளுடைய முப்பத்தோராம் நாள் பூசை. அவளுடைய கணவன் கொட்வின் இருக்கும் சிற்றூர் லூடன்ஷைட்டுக்கு அப்பால் ஒரு ஆற்றங்கரையில் இருந்தது. முதலில் ஔட்டோபான் என்ற நெடுஞ்சாலை. பிறகு காட்டுக்குள்ளால் இறங்கும் பாதை.

றீற்றாவின் தகப்பன் மன்னாரில் இருந்தார். அங்கே யுத்தம். வர வழியில்லை. "என்ரை இடத்திலை நீ நில்லடா" என்று தொலைபேசியில் அழுதிருந்தார். ஜேசுரட்ணம் அதை மறக்கவில்லை.

மகள் ஜெசிக்கா படியிறங்கி வந்தாள். தாதிப் பயிற்சியில் இருப்பவள். வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பின்சில்லுக்கு அருகே நின்றாள்.

"அப்பா, பின்னுக்கு இன்னும் வெய்யில் காலத்துச் சமர் ரயர்தானே?"

"முன்னுக்கு ரெண்டும் பனிக்குப் போடுற வின்ரர் ரயர். புதுசு. பல்லைப் பார்."

"நான் பின்னுக்குக் கேட்டனான்."

"எஞ்சின் முன்னுக்குத்தான் இழுக்குது. பின்சில்லு சும்மா உருண்டு வாறது. சும்மா வாறவருக்கு என்னத்துக்குப் புதுச் சப்பாத்து?"

"ரயர்க்கடையிலை என்ன சொன்னவங்கள்?"

"நாலும் மாத்தச் சொன்னவன். அவன் விக்கிறவன், அப்பிடித்தான் சொல்லுவான். சட்டத்திலை 'பொருத்தமான ரயர்' எண்டுதான் கிடக்கு. நாலு எண்டு எங்கை எழுதியிருக்கு?"

"ரெண்டு எண்டும் எழுதேல்லை. அப்ப ஒண்டோடை ஓடுங்கோவன்."

பக்கத்து வீட்டு ஜெயமலர் சிரித்தாள். அவளும் பயணத்துக்கு வந்திருந்தாள். கட்லெட் அவள் பொரித்தது. "உன்ரை மோளுக்கு வாய் ஜெர்மன் வாய், அன்ரனிற்றா" என்றாள் ஜெசிக்காவின் தாயிடம்.

அப்போது ஜேசுரட்ணத்தின் தொலைபேசி அடித்தது. கொட்வின்.

"மாமா, வெளிக்கிட்டிட்டீங்களோ?"

"இப்ப வெளிக்கிடுறம் தம்பி."

"வராதேங்கோ. இஞ்சை இரவு முழுக்கக் கொட்டினது. இறக்கம் எல்லாம் ஐஸ். பூசை நடக்கும். நீங்கள் வீட்டிலை இருந்து செபியுங்கோ."

கொட்வின் எப்போதும் சுருக்கமாகப் பேசுகிறவன். இந்த ஒரு மாதத்தில் பேச்சு இன்னும் சுருங்கிவிட்டது. சொன்னது அக்கறை. ஜேசுரட்ணத்தின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"வரவேண்டாமாம்" என்றார், தொலைபேசியை வைத்துவிட்டு. "எங்கடை பிள்ளையின்ரை முப்பத்தொண்டுக்கு எங்களை வரவேண்டாமாம்."

"பொம்பிளைப் பகுதியிலை ஒருத்தரும் வரேல்லை எண்டால் சனம் சும்மா விடுமே அண்ணை?" என்றாள் ஜெயமலர்.

அன்ரனிற்றா கணவனின் முகத்தைப் பார்த்தாள். "பெடியன் பயந்துதான் சொல்லுறான். ஒருக்கா யோசியுங்கோப்பா."

"யோசிச்சாச்சு. ஏறுங்கோ."

சாவீட்டுக்கு வராதவன் என்ற பெயருக்கு அவர் பயந்தார். அவர் மட்டுமல்ல. நம்மில் பலருக்குப் பனியைவிட அந்தப் பெயர்தான் பயம்.

ஔட்டோபான் கறுப்பாக, ஈரமாகக் கிடந்தது. விடிய முன்னரே உப்புப் போட்டிருந்தார்கள். வேன் ஒழுங்காக ஓடியது. "பாத்தியளே, எப்பிடிப் பிடிக்குதெண்டு?" என்றார் ஜேசுரட்ணம். உப்புப் போட்டவர்களின் உழைப்பை அவர் தன் இரண்டு ரயர்களின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஔட்டோபானை விட்டு இறங்கியதும் பாதை வெள்ளையாகிவிட்டது. முதலில் ஒரு ஏற்றம். முன்சில்லுகள் இழுத்துக்கொண்டு ஏறின. ஜேசுரட்ணம் கண்ணாடியில் மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஜெசிக்கா சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பிறகு இறக்கம் வந்தது. இறக்கத்தில் ஒரு வளைவு. அவர் பிரேக்கை மெதுவாகத்தான் தொட்டார்.

முன்பக்கம் பிடித்தது. பின்பக்கம் பிடிக்கவில்லை. அது விலகி, சுழன்று, முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்தது. மரங்கள் பக்கவாட்டில் ஓடின. சட்டி உருண்டது. கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அன்ரனிற்றா "மாதாவே" என்றாள். வலப்பக்கம் பாதை முடிந்து சரிவு தொடங்கியது. சரிவுக்குக் கீழே ஆறு.

பாதையோரமாகப் பனி குவிந்து கிடந்தது. அதிகாலையில் பனி வழித்த லொறி ஒதுக்கிவிட்டுப்போன குவியல். இடுப்பளவு உயரம். வேனின் பின்பக்கம் அதில் மோதிப் புதைந்து நின்றது.

வேனுக்குள் கறி மணத்தது.

"அம்மா?" என்றாள் ஜெசிக்கா.

"ஓம்."

"மலரன்ரி?"

"இருக்கிறன். காலிலை என்னவோ சுடுது. கறிதான்."

"அப்பா?"

ஜேசுரட்ணம் தலையை மட்டும் ஆட்டினார். கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன.

வேன் பாதைக்குக் குறுக்கே நின்றது. மேலிருந்து வருகிற எவருக்கும் வளைவு தாண்டும்வரை அது தெரியாது. ஜெசிக்காவுக்கு அது உடனே விளங்கியது. "எல்லாரும் இறங்குங்கோ! ஓரமா மேலுக்கு வாங்கோ!" என்று கத்தினாள். மஞ்சள் அங்கியைப் போட்டாள். எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்தாள். வளைவை நோக்கி ஓடினாள்.

அவள் வளைவை அடையும்போது மேலே மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது. உப்பு லொறி. முன்னால் பனி வழிக்கும் பெரிய இரும்புத் தகடு. ஜெசிக்கா முக்கோணத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜேசுரட்ணம் கீழே நின்று அதைப் பார்த்தார். வெள்ளைப் பாதை. அதன் நடுவே மகள். அவளுக்கு எதிரே இரும்பு. அவர் ஓடப் பார்த்தார். வழுக்கி முழங்காலில் விழுந்தார். எழும்ப முடியவில்லை. மகளின் பெயரைக் கூப்பிட்டார்.

லொறி மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதன் சில்லுகளும் பொருத்தமானவை. அது நின்றது. கையை நீட்டினால் தகட்டைத் தொடலாம் என்ற தூரத்தில் ஜெசிக்கா நின்றாள். முக்கோணத்தை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

சாரதி குதித்து இறங்கினார். யாருக்காவது அடியா என்று கேட்டார். இல்லை என்றதும் மண்வெட்டியை எடுத்தார். பாதையோரப் பெட்டியிலிருந்து சரளையை அள்ளி வேனின் சில்லுகளுக்குக் கீழே போட்டார். ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் தள்ள, வேன் பாதைக்குத் திரும்பியது.

ஜேசுரட்ணம் பனியைப் பார்த்தபடி நின்றார். முன்சில்லுகளின் தடம் அவர் திருப்பிய பக்கம் நேராக வந்திருந்தது. பின்சில்லுகளின் தடம் அரிவாள் போல வளைந்து, பாதையை வெட்டிக்கொண்டு, சரிவின் விளிம்புவரை போயிருந்தது. அதற்கு மேல் எவரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீ சொன்னனி" என்றார் மகளிடம்.

"இப்ப ஒண்டும் சொல்லேல்லை அப்பா. வாங்கோ."

அன்ரனிற்றா ஒரு கட்லெட் பெட்டியைச் சாரதியிடம் நீட்டினாள். அவர் கையுறையைக் கழற்றி ஒன்றை அங்கேயே கடித்தார். கண் கலங்க இருமினார். சிரித்தார். பெட்டியை லொறிக்குள் வைத்தார். நான் முன்னால் போகிறேன், இடைவெளி விட்டு மெதுவாக வாருங்கள் என்றார்.

லொறி உப்பைத் தூவிக்கொண்டு முன்னால் இறங்கியது. வேன் நடக்கும் வேகத்தில் பின்னால் போனது. ஊர் எல்லையில் லொறி ஒருதரம் ஹோர்ன் அடித்துவிட்டு வேறு பாதையில் திரும்பியது. சாரதியின் பெயரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அன்ரனிற்றா அன்றிலிருந்து தன் செபத்தில் "உப்பு லொறிக்காரரையும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

பூசை முடிந்திருந்தது. கொட்வின் கோயில் வாசலில் ஒரு வாளியோடு நின்றான். படிகளில் சரளை தூவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே தூவிய படிகள்தான். வெளிக்கிட்டுவிட்டோம் என்று ஜெசிக்கா வழியில் செய்தி அனுப்பியிருந்தாள். பிறகு செய்தி இல்லை. பயத்தில் பூசையின் ஒரு சொல்லும் அவன் காதில் ஏறவில்லை.

இந்த ஒரு மாதமாக அவன் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அழுதார்கள். சாப்பிட்டார்கள். அவன் கோப்பைகளைக் கழுவினான். அவனுக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை.

வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. அவன் ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்தான். எல்லாரும் தங்கள் காலில் நடந்து வந்தார்கள். வாளியைக் கீழே வைத்தான்.

ஜேசுரட்ணம் உடைந்த படத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். "தம்பி, வழியிலை..." என்று தொடங்கினார். காற்சட்டையின் முழங்காலில் ஈரமும் சரளையும் ஒட்டியிருந்தன. வேனின் பின்பக்கம் நசுங்கியிருந்தது. கொட்வினுக்கு அது போதும்.

"மாமா" என்றான். "றீற்றாவுக்கு எல்லா மருந்தும் குடுத்துப் பாத்தம். ஒண்டும் கேக்கேல்லை. எங்கடை கையிலை ஒண்டும் இருக்கேல்லை." அவன் நசுங்கிய வேனைக் காட்டினான். "இது எங்கடை கையிலை இருக்கிற விஷயம். இதையாவது நாங்கள் காப்பாத்துவம்."

பிறகு ஜேசுரட்ணத்தின் இரு கைகளையும் பிடித்தான். "வந்ததுக்கு இல்லை மாமா. உயிரோடை வந்து சேந்ததுக்கு நன்றி."

ஜேசுரட்ணம் அங்கே, படியில் வைத்து, சின்னப்பிள்ளை போல அழுதார். கொட்வின் அவருடைய முதுகைத் தடவினான். ஜெயமலர் மூக்கைச் சிந்திவிட்டு, "சட்டியிலை கொஞ்சம் மிச்சம் இருக்கு. வாங்கோ சாப்பிட" என்றாள்.

அன்று கொட்வின் இரண்டு கட்லெட் சாப்பிட்டான். உப்பும் உறைப்பும் நாக்கில் தெரிந்தன. நெடுநாளைக்குப் பிறகு.

அவர்களை அன்று அவன் திரும்ப விடவில்லை. பாதை நன்றாகத் துப்புரவான பிறகு, மறுநாள் மத்தியானம்தான் போனார்கள். அந்தக் கிழமையே ஜேசுரட்ணம் பின்சில்லுகளையும் மாற்றினார். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இவராகவே நடந்ததைச் சொன்னார். கோயிலிலும் சொன்னார், தமிழ்க் கடையிலும் சொன்னார். கேலி செய்தவர்களும் உண்டு. வீட்டுக்குப் போய்த் தங்கள் பின்சில்லுகளைக் குனிந்து பார்த்தவர்களும் உண்டு.

அடுத்த டிசம்பரில் றீற்றாவின் ஆண்டு நினைவு வந்தது. காலையில் வானொலி, விழுந்ததும் ஐஸாகிவிடும் உறைமழைக்கு எச்சரிக்கை சொன்னது. தேவையில்லாமல் வாகனம் ஓட்டாதீர்கள் என்றது. வேனில் நான்கும் குளிர்கால ரயர்கள். ஜேசுரட்ணம் சன்னலால் பாதையைப் பார்த்தார். கண்ணாடி போல மினுங்கியது.

தொலைபேசியை எடுத்தார்.

"தம்பி, நாலு ரயரும் இருக்கு. எண்டாலும் ஐஸுக்கு மேலை மழை பெய்யுது. ஏலாது. நாங்கள் இண்டைக்கு வரேல்லை. ரோட்டு நல்லா வந்த பிறகு வந்து கல்லறையிலை விளக்கு வைக்கிறம். குறை நினையாதை."



"நன்றி மாமா" என்றான் கொட்வின். "பெரிய நன்றி."

"வராததுக்கு நன்றி சொன்ன முதல் மருமகன் நீதான்" என்றார் ஜேசுரட்ணம். இருவரும் சிரித்தார்கள்.

ஜெயமலர் கட்லெட் தட்டோடு வந்து நின்றாள். பயணம் இல்லை என்று தெரிந்ததும் வழக்கம்போல வாயைத் திறந்தாள். "சனம் என்ன சொல்லும் அண்ணை?"

ஜேசுரட்ணம் றீற்றாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்தினார். படத்துக்குப் புதுக்கண்ணாடி போட்டிருந்தார்.

"சனம் சொல்லிப்போட்டுப் போகட்டும் பிள்ளை" என்றார். "ஒரு சாவுக்கு முகம் காட்டப்போய் இன்னொரு சாவை உண்டாக்கக்கூடாது. போறதுக்கு ஏத்த ரயரைப் போடவேணும். போகக்கூடாத நாளிலை வீட்டிலை இருக்கவேணும். செத்தவைக்கும் இருக்கிறவைக்கும் நாங்கள் செய்யிற மரியாதை அதுதான்."