கடைசிக் கருமுட்டை

எங்கள் ஆய்வகத்தில் கருமுட்டையையும் விந்தையும் ஒருவர் தனியாகச் சேர்க்கக் கூடாது. ஒருவர் குழாயில் உள்ள எண்ணை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. அன்று முதுகைக் காட்டிக்கொண்டே 'சரி' சொன்னேன். படித்தவன் ராக்கெட். வேலையில் அவ்வளவு வேகம், அதனால் அந்தப் பெயர். அந்த வேகத்தில் எண்ணைக் குழாயில் பார்க்காமல் பதிவுத் தாளில் பார்த்துப் படித்திருக்கிறான்.

முட்டை, எங்களிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு டீச்சருடையது. வயது நாற்பத்து மூன்று. கிடைத்தது ஒன்றே ஒன்று, இனிமேல் கிடைக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முட்டை என்றால் லேசில்லை. குழந்தைக்கு வேண்டிய சாப்பாட்டை எல்லாம் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். விந்தணுவோ தலையும் வாலும்தான், கையை வீசிக்கொண்டு லட்சக்கணக்கில் வரும். ஒன்றை உள்ளே விட்டதும் முட்டை கதவைச் சாத்திக்கொள்ளும். அப்புறம் யார் தட்டினாலும் திறக்காது.

சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். டீச்சர் கணவரின் குழாயில் மூடிமேல் ஒட்டிய சீல் கிழியவே இல்லை. பக்கத்துக் குழாய், யாரோ ஒருவருடையது, பாதி காலி. ராக்கெட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உளறி வைக்காதீங்க அக்கா," என்றான் ராக்கெட். முகம் வெளிறியிருந்தது. "எத்தனையோ சேராமப் போகுது. இதுவும் போயிடும்."

போய்விடட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். ஒருத்தியின் கடைசி முட்டை சாக வேண்டும் என்று வேண்டினேன், வெட்கக்கேடு.

காலையில் நுண்ணோக்கியில் பார்த்தேன். முட்டைக்குள் இரண்டு வட்டங்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தன, ஒன்று டீச்சருடையது, இன்னொன்று அந்த யாரோவுடையது. இவ்வளவு நன்றாகச் சேர்ந்து நான் பார்த்ததே இல்லை. ராக்கெட்டிடம் கேட்காமல் டீச்சருக்கு ஃபோன் போட்டேன்.

"சேர்ந்துடுச்சு டீச்சர். ஆனா அது உங்க வீட்டுக்காரரோடது இல்ல. குழாய் மாறிடுச்சு. தப்பு எங்க மேலதான்."

அழுவார், திட்டுவார், கேஸ் போடுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்ல. முதல்ல உங்ககிட்டதான்."

"சொல்லாதீங்க மேடம். எனக்கு வேற முட்டை இல்ல."

"டீச்சர், அதெப்படி..."

"கருவை வைக்க என்னைக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் ஒரு ஆண்குரல், "என்னவாம்?" என்று கேட்டது. டீச்சர் ஃபோனை வைக்கவில்லை. குரலில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, எனக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

"நம்ம குழந்தை நல்லா இருக்காம்ங்க."